நாஞ்சில் நாட்டுக் குளியல் அலமாரி

வெள்ளைக் குளியல் சோப்பின் உறையைத் திருப்பிப் பார்த்தால், மூலப்பொருள் பட்டியலின் வால்பகுதியில் பல நேரம் 'சி.ஐ. 77891' என்றொரு எண் தென்படும். சோப்புக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் அடையாள எண் அது. இல்மனைட் என்னும் கருமணலிலிருந்து எடுக்கப்படும் நிறமி. குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தாதுக்களில் இல்மனைட்டும் ஒன்று. அங்கே மணலாகக் கிளம்புவது எங்கெங்கோ சுற்றி நாகர்கோவில் பலசரக்குக் கடைக்குச் சோப்பின் வெள்ளையாகத் திரும்பி வந்தாலும் வியப்பதற்கில்லை.

மற்றச் சரக்கும் பக்கத்திலேயே கிடக்கிறது. ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மாறாமலை போன்ற மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் அதே குறியீடு கிடைத்தது. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் கற்றுக்கொடுத்த தேனீ வளர்ப்பு இன்றும் அந்த வட்டாரத்தின் தொழில். தேனோடு மெழுகும் கிடைக்கும். தோவாளையில் பூ, புத்தளத்தில் உப்பு, கடலோரம் நெடுகப் புன்னை. இவ்வளவும் இருக்க, வீட்டுக் குளியலறை அலமாரியில் வரிசையாக நிற்பவை விளம்பரத்தில் பார்த்த நான்கு புட்டிகளும் இரண்டு கட்டிகளும்தான்.

அந்தப் புட்டிகளைத் தூக்கி எறியச் சொல்வது இந்த அத்தியாயத்தின் நோக்கமில்லை. செலவின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். சோப்பு உடம்பில் தங்குவது ஒரு நிமிடம். அதன் வேலை அழுக்கையும் எண்ணெயையும் நீரோடு சேர்த்து வழித்துக்கொண்டு போவது. 'ஊட்டம்' என்று உறையில் அச்சிட்டதில் பெரும்பகுதி சாக்கடையில் ஊட்டம் பெறுகிறது. தோலில் அரை மணி நேரம் ஊறுவது குளிக்கும் முன் தேய்க்கும் எண்ணெய். குளித்து, துவர்த்தால் ஒற்றிய பிறகும் தங்குவது ஈரத்தோலில் தடவும் நாலு துளி. ஆகவே முதல் பணம் எண்ணெய்க்கு, அடுத்தது நல்ல பொடிக்கும் நாருக்கும், கடைசியில் சோப்புக்கு. சோப்பை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அது பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி என்று நம்பி மட்டும் இறங்க வேண்டாம்.

கடையில்: உறையைப் படிப்பது

கடைச் சோப்பில் பார்க்க வேண்டிய முதல் எண் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2888 விதிப்படி, 'டாய்லெட் சோப்' என்று விற்பதில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதம் இருக்க வேண்டும். 'பேதிங் பார்' என்பது வேறு வகை. அதற்கு ஐ.எஸ். 13498, 40 சதவீதம் இருந்தாலே போதும். இரண்டும் ஒரே தட்டில், ஒரே பளபளப்பில், கிட்டத்தட்ட ஒரே விலையில் அடுக்கப்பட்டிருக்கும். விலையை எடையால் வகுப்பதோடு நிறுத்தாமல் கொழுப்புச் சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சலுகை விலையில் கிடைக்கும் மூன்று கட்டிகளில் சில, தண்ணீரில் கரைந்து ஓடும் வேகத்துக்குக் காரணம் புரியும்.

இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. கொழுப்பு கூடுதலாக இருப்பதாலேயே சோப்பு மென்மையாகிவிடாது. சோப்பு எதுவானாலும் காரம். அதன் காரகாடி அளவு 9-லிருந்து 10 வரை. தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். எந்த எண்ணெயில் செய்த சோப்பு என்பதைப் பொறுத்தே வறட்சி அமையும். அதை அறிய மூலப்பொருள் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். பட்டியல் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். சோடியம் பாமேட் என்றால் பாமாயில் சோப்பு, சோடியம் பாம் கர்னலேட் என்றால் பனங்கொட்டைப் பருப்பெண்ணெய்ச் சோப்பு. அந்தப் பனை நம் ஊர்ப் பனையில்லை, எண்ணெய்ப்பனை. சோடியம் கோகோயேட் என்றால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு. தேங்காய்ப் படம் போட்ட உறைக்குள் சோடியம் பாமேட் முதலிடத்தில் உட்கார்ந்திருப்பது குற்றமில்லை. வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவச் சோப்புகள் என்று தென்னாட்டார் நம்பி வாங்கும் பெயர்கள் பெரிய ஆலைகளில் பிறந்தவையல்ல. சந்திரிகா 1940-ல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடையில் கேசவன் வைத்தியர் தொடங்கியது. மெடிமிக்ஸ் 1969-ல் சென்னையில் ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன், தோல் தொல்லையோடு வந்த தொழிலாளர்களுக்காக உருவாக்கியது. வீட்டு அடுக்களையில் தொடங்கிக் கையால் செய்யும் முறையிலேயே பெயர் வாங்கியது. அதற்கும் முன்னால், முதல் உலகப்போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியபோது மைசூர் அரசு 1916-ல் சந்தன எண்ணெய் ஆலையைத் திறந்தது; அந்த எண்ணெயிலிருந்தே மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. தமிழ்நாட்டில் பாட்டிமார் கைவிடாத ஹமாம், டாடா ஆயில் மில்ஸ் 1931-ல் இறக்கியது. இவற்றில் எதை வாங்குவது என்பது மூக்கும் தோலும் தீர்மானிக்கும் விஷயம். மூலிகை எத்தனை சேர்ந்திருந்தாலும், கையில் படும் சுகத்தில் பெரும்பங்கு அடித்தள எண்ணெயினுடையது.

விலையில் ஒரு மாற்றம் நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கு இன்னும் ஓரிரு கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தால் விசாரித்து வாங்கலாம்.

எண்ணெய்

குமரி மாவட்டத்தில் தேங்காயெண்ணெய்க்கு அறிமுகம் வேண்டாம். எந்த எண்ணெயை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். கொப்பரை பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சில இடங்களில் கந்தகப் புகை போடுவார்கள். தோலுக்கும் தலைக்கும் தேய்க்கும் எண்ணெய் என்றால், புகை போடாத கொப்பரைதானா என்று செக்குக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். தெரிந்த விளையிலிருந்து தேங்காய் வாங்கி, வெயிலில் காயவைத்து, ஆட்டி எடுத்தால் கேள்விக்கே இடமில்லை. அதற்கு மேல் ஒரு படி, உருக்கெண்ணெய்: தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, அடியில் திரளும் கக்கன் என்ற கசடு பொன்னிறமாகும்வரை காய்ச்சி இறுத்தது. ஒரு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு தேங்காயாவது வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தேய்க்க வீட்டில் காய்ச்சும் அந்த எண்ணெயைப் பெரியவர்களும் தமக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்துக்கொண்டால் தப்பில்லை.

காய்ச்செண்ணெய் செய்வோர் அரை லிட்டர் தேங்காயெண்ணெய்க்குக் கைப்பிடி செம்பருத்தி இலை, ஒரு பிடி கறிவேப்பிலை, ஐந்தாறு வெற்றிலை, துளசி, நாலு சின்ன உள்ளி, ஒரு சிறு கரண்டி கருஞ்சீரகம் என்று ஆரம்பிக்கலாம். பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். மாறாதது பதம். இலையில் உள்ள நீர் முழுதும் போகாத எண்ணெய் ஒரு மாதத்தில் காறிப்போகும். சலசலப்பு அடங்கி, அடியில் உள்ள கல்கம் விரலில் மணல்போல் உதிர வேண்டும். சந்தேகம் இருந்தால் பஞ்சுத் திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது வைத்தியர் வழக்கம். படபடவென்று வெடிக்காமல் எரிந்தால் ஈரமில்லை. ஈரப்புட்டியில் ஊற்றினால் இத்தனை பாடும் வீண்.

தோவாளைப் பூவைச் சோப்புக்குள் கொண்டுவர ஆசைப்படாதவர் இல்லை. அது நடக்காது. காஸ்டிக் சோடாவின் காரத்தில் பிச்சி இதழ் பழுப்பாகிக் கறுத்துப்போகும், மணமும் தங்காது. பூவுக்கு எண்ணெயே இடம். பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி மணத்தை இழுத்தார்கள். பறித்த பிறகும் மல்லிகை மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த முறை பலித்தது. வீட்டில் அதன் எளிய வடிவம் இப்படி: மாலையில் விரியும் நிலையிலுள்ள பிச்சி மொட்டுகளை ஈரம் போகத் துணியில் உலர்த்தி, அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் உருக்கெண்ணெயின்மேல் போட்டு, துணியால் மூடிவைக்க வேண்டும். மறுநாள் காலை பூவை எடுத்துவிட்டு, மாலையில் புதுப் பூ. ஐந்தாறு மாலை இப்படி மாற்றிய பின் மெல்லிய துணியில் வடிகட்டலாம். அடியில் நீர்த்துளி தங்கினால் எண்ணெயை மட்டும் மேலாக ஊற்றிக்கொள்ள வேண்டும். கடைத் தைலத்தின் முரட்டு மணம் இதில் வராது, மெல்லியதாகத்தான் இருக்கும். முகூர்த்த நாளிலும் ஓணத்துக்குக் கேரள வியாபாரிகள் மொய்க்கும் நாளிலும் தோவாளைச் சந்தையில் பூ விலை நெருப்பு. அது இறங்கிய வாரம்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

கடலோரத்துப் புன்னைக்கொட்டையின் எண்ணெய் ஒரு காலத்தில் விளக்கெரிக்கப் போனது. இன்று அதுவே 'தமானு' என்ற பெயரில் சிறு புட்டிகளில் அழகுக்கடைகளில் பெரும் விலைக்கு விற்கிறது. கரும்பச்சை நிறம், கனத்த வாடை. எல்லாத் தோலுக்கும் ஒத்துவராது என்பதால் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, மற்ற எண்ணெயோடு பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலப்பது நல்லது. ரப்பர் விதையிலும் எண்ணெய் உண்டு. அது துணிச் சோப்புக்குப் போகட்டும்.

எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறிய பிறகு குளியலறைத் தரையில் கால் வைக்கும்போது பிடிமானம் வேண்டும். வயதானவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தே குளிக்கட்டும். தோலில் படை, சொறி, ஆறாத புண் இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுத் தோல் மருத்துவரையோ, கோட்டாற்றிலுள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவையோ பார்க்க வேண்டும்.

காஸ்டிக் சோடாவும் தேங்காயும்

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும். அடிப்படை அவ்வளவே. ஆலைகளில் கிளிசரினைத் தனியே பிரித்தெடுப்பதுண்டு. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்கும். கையால் செய்த சோப்பின் மெத்தென்ற உணர்வுக்கு அது ஒரு காரணம். இன்னொன்று, வேண்டுமென்றே சோடாவைக் குறைத்துப் போட்டு, சோப்பாக மாறாத எண்ணெயைக் கொஞ்சம் மிச்சம் விடுவது.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான சோடா வேறு. ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காயெண்ணெயில் பாதிக்கு அருகே லாரிக் அமிலம். நுரை பொங்கும், கட்டி உறுதியாக இருக்கும், தனியாகப் போட்டால் தோலை வறட்டும். நல்லெண்ணெய் அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்கும், ஆமணக்கெண்ணெய் நுரையைக் குழைவாக்கும். 350 கிராம் தேங்காயெண்ணெய், 100 கிராம் நல்லெண்ணெய், 50 கிராம் ஆமணக்கெண்ணெய் எடுத்தால் கணக்குப்படி சோடா ஏறத்தாழ 84 கிராம். அதில் 8 சதவீதம் குறைத்தால் 77. தண்ணீர் அதைப்போல் இரு மடங்கு, 154 கிராம். காய்ச்சி வடித்த நீர் நல்லது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது. எல்லாமே எடையால்தான், கரண்டிக் கணக்கோ கோப்பைக் கணக்கோ இங்கே செல்லாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இல்லாதவர் இந்த வேலையைத் தொடக் கூடாது.

காஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருளில்லை. கெமிக்கல் கடையில் செதிலாகவோ மணியாகவோ தூய்மை குறித்த உறையில் கிடைப்பதை வாங்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் தூளில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வரக் கூடாது. அலுமினியப் பாத்திரம் சோடாவோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் வாளிதான் சரி. காற்றோட்டமான புறவாசலில் வைத்து, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் தானே 80 டிகிரிக்கு மேல் சூடேறும். அப்போது எழும் ஆவியை முகர வேண்டாம். தோலில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். வினிகரை ஊற்றலாம் என்ற பேச்சைத் தோலுக்குக் கேட்கக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்கு.

கரைசலும் எண்ணெயும் 40-45 டிகிரிக்கு ஆறியதும், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மத்தால் கலக்கினால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கைமிக்ஸியில் சில நிமிடம். கரண்டியிலிருந்து ஒழுகும் துளி உடனே மறையாமல் மேற்பரப்பில் கோடாக நின்றால் அதுவே பதம். வாசனையும் பிற சேர்க்கையும் அப்போது. பட்டர் பேப்பர் விரித்த அட்டைப்பெட்டியில் ஊற்றி மூடி, ஒரு நாள் கழித்துத் துண்டு போடலாம். கையுறை அப்போதும் வேண்டும்.

சேர்க்கைகள் ஒவ்வொன்றும் ஒரு குணம் காட்டும். மாறாமலைக் கிராம்பின் தைலம் கலவையைச் சட்டென்று கெட்டியாக்கிவிடும். ஊற்றுவதற்குள் பாத்திரத்திலேயே உறைந்துபோன கதைகள் உண்டு. 500 கிராம் எண்ணெய்க்கு 2 மில்லிக்கு மேல் வேண்டாம், அதையும் கடைசி நொடியில். கூடினால் தோலும் எரியும். புல்தைலம் 5 மில்லி தாங்கும். மார்த்தாண்டம் தேன் ஒரு சிறு கரண்டி போதும். சர்க்கரை சூட்டைக் கிளப்பும், பெட்டியைப் போர்த்தி மூடினால் நடுவில் வெடிக்கும். மஞ்சள்தூள் காரத்தில் முதலில் சிவந்து, நாளாக ஆகக் காவிக்கு வந்து நிற்கும். செம்பருத்தியின் சிவப்பு பழுப்பாகிவிடும். மாறாத நிறம் வேண்டுமென்றால் நன்றாகப் பொடித்துச் சலித்த சிரட்டைக்கரி.

ஒரு நாளில் கட்டியாகிவிட்டாலும் குளிக்க நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். நீர் வற்றினால்தான் கட்டி உறுதிப்படும், நுரையும் திருந்தும். இங்கே குமரி மாவட்டத்துக்கே உரிய சங்கடம் ஒன்று குறுக்கிடுகிறது: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இந்த மண்ணில் பெய்யும். ஜூனிலும் அக்டோபரிலும் வெட்டி அடுக்கிய சோப்பு வியர்க்கும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி, பங்குனி வெயில்காலமே சோப்பு உலர்த்த ஏற்றது. வெயிலில் நேராக வைக்க வேண்டாம், காற்று நுழையும் மூங்கில் தட்டில் நிழலில் போதும். மேலே வெள்ளைப் பொடி படிந்தால் சுரண்டிவிடலாம். மஞ்சள் புள்ளியும் காறல் வாடையும் கண்டால் எண்ணெய் கெட்டது என்று பொருள்; அந்தக் கட்டி துணி துவைக்க. பயன்படுத்துமுன் காரகாடித் தாளில் ஒரு முறை பார்ப்பது நல்லது. 10-ஐத் தாண்டினால் தோலுக்கு வேண்டாம்.

குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் கிணறு உவர்த்தால் சாதாரணச் சோப்பு நுரைக்க மறுக்கும். முழுத் தேங்காயெண்ணெய்ச் சோப்பு உப்புநீரிலும் நுரைக்கும். கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்க வைத்துக்கொண்டது இவ்வகைதான். 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 73 கிராம் சோடா, 150 கிராம் தண்ணீர். இங்கே சோடாவை 20 சதவீதம் குறைத்திருப்பதால் வறட்சி அடங்கும். இதிலேயே பதம் வந்ததும் 250 கிராம் பொடித்த உப்பைக் கலந்தால் உப்புச் சோப்பு. புத்தளம் உப்பளத்து உப்பே போதும், இறக்குமதி வேண்டாம். இது சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடும் என்பதால் சூடு ஆறுமுன் வெட்ட வேண்டும், அல்லது தனித்தனி அச்சில் ஊற்ற வேண்டும்.

செலவைப் பார்ப்போம். 2025-ல் தேங்காயெண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு முதல் கணக்கின் எண்ணெயும் சோடாவும் மட்டுமே 200 ரூபாயைத் தொடும். காய்ந்த பிறகு நூறு கிராம் கட்டி ஆறு தேறும். கட்டி ஒன்றுக்கு முப்பது ரூபாய்க்கு மேல். உழைப்பும் தராசும் கணக்கில் சேரவில்லை. கடையில் முதல் தரச் சோப்பு ஏறத்தாழ இதே விலைக்குக் கிடைக்கும். வீட்டில் செய்பவருக்கு மிஞ்சும் லாபம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், செய்யும்போது கிடைக்கும் சந்தோஷமும்.

சோடாவைத் தொடத் தயங்குவோருக்குக் கைவினைக் கடைகளில் 'சோப் பேஸ்' கட்டி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இரட்டைப் பாத்திரத்தில் உருக்கி, மணம் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டியதுதான். அன்றே குளிக்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய நல்ல பொழுதுபோக்கு. சோப்பு செய்யக் கற்றுக்கொண்டதாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் இதைச் செய்த அன்றே உறையில் சுற்றிவிடுவது நல்லது.

பொடி, நார், உப்பு

நலங்கு மாவுக்குப் பச்சைப்பயறு அரைக் கிலோ என்றால் கடலைப்பருப்பு 100 கிராம், பூலாங்கிழங்கு 50, காய்ந்த ரோஜா இதழ் 50, கஸ்தூரி மஞ்சள் 25, வெட்டிவேர் 25. எல்லாம் மொரமொரவென்று காய்ந்த பிறகு மில்லில் அரைத்துச் சலிக்க வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு இதைக் கொடுத்துவிடக் கூடாது. முதல் பிடிக்கு அரிசியைப் போட்டு அரைக்கச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக்கடையில் கஸ்தூரி மஞ்சள் கேட்டால் வேறு கிழங்குகளையும் அதே பெயரில் கொடுப்பது சாதாரணம். உண்மையானது வெளிர்நிறம், கற்பூர வாடை அடிக்கும், சமையல் மஞ்சள்போல் துணியில் அழுத்தமாகக் கறைபிடிக்காது. தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி ஒன்றை உடைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். எண்ணெய் தேய்த்த உடம்புக்குச் சோப்பைவிட இந்த மாவே பொருத்தம். எண்ணெயை முழுக்க வழித்தெடுக்காமல் கொஞ்சம் விட்டுவைக்கும். ஈரக்கையை டப்பாவுக்குள் விட்டால் ஒரு வாரத்தில் பூச்சி.

தேய்க்க, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார். மலையாளக் கரையில் இஞ்ச என்ற கொடியின் பட்டையை நசுக்கி நாராக்கிப் பயன்படுத்துவார்கள். மார்த்தாண்டம் பக்கத்துச் சந்தைகளில் கிடைத்தால் விடாமல் வாங்கலாம், லேசாக நுரைக்கவும் செய்யும். எந்த நாரும் ஈரத்தோடு குளியலறையில் தொங்கினால் கிருமிக்கு வீடு. வெயிலில் காய வேண்டும், ஓரிரு மாதத்தில் மாற்ற வேண்டும். பீர்க்கங்கூட்டில் ஒரு வட்டம் அறுத்துச் சோப்பின் அடியில் வைத்தால் கட்டி ஊறாது. கையால் செய்த சோப்பின் ஆயுளை இது கூட்டும்.

'பாத் பாம்' என்று அழகுக்கடைகளில் அடுக்கியிருக்கும் உருண்டைகள், 1989-ல் இங்கிலாந்தில் மோ கான்ஸ்டன்டைன் உருவாக்கியவை. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் நீரில் சந்தித்துப் பொங்கும் வித்தை. தொட்டியில் படுத்துக் குளிப்பவர்களுக்கானது. வாளியில் கோரிக் குளிக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை, நம் ஊர் ஈரத்தில் டப்பாவிலேயே புஸ்வாணமாகிவிடும். பரிசாக யாராவது கொடுத்தால் கால் முக்கும் பேசினில் போடலாம். அதற்கும் கைப்பிடி கல்லுப்பும் வெந்நீரும் இரண்டு துளி புல்தைலமும் போதும். சர்க்கரை நோயாளிகள் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்தது, இயற்கையானது என்பதற்காகச் சானலிலும் ஆற்றிலும் தாராளமாக நுரைக்கவிடுவது சரியில்லை. தேங்காயெண்ணெய்ச் சோப்பும் மீனுக்குச் சோப்புதான். குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. அனந்தனாற்றிலோ திற்பரப்பிலோ குளிக்கப் போகிறவர் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் சும்மா முங்கிவிட்டு வரலாம்.

விற்கத் தோன்றினால்

இரண்டாம் தடவை செய்யும்போதே பக்கத்து வீட்டு அக்கா காசு கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்வார். அங்கே சட்டம் நுழைகிறது. சோப்பு அழகுசாதனப் பொருளில் சேரும். 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள் ஆகியவற்றின்படி விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியின் உரிமம் வேண்டும். உறையில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், உரிம எண், மூலப்பொருள்கள், நிகர எடை, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கண்காட்சியிலோ கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளிலோ 'கையால் செய்த மூலிகைச் சோப்பு' வாங்கும்போதும் இதே விவரங்களைத் தேடலாம். உரிம எண் இல்லாத கட்டியை வாங்குவதா என்பதைச் செய்தவரை எவ்வளவு தெரியும் என்பதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம். முகத்துக்கும் குழந்தைக்கும் வேண்டாம்.

உறவினருக்குச் சும்மா கொடுக்கும் சோப்பிலும் ஒரு துண்டுக் காகிதம் சுற்றி, செய்த தேதி, சேர்த்த எண்ணெய்கள், வாசனைத் தைலம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கிராம்போ புன்னையோ ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்த வீட்டில் இருக்கலாம்.